அம்மாவுக்கு வராத தலைவலி

இன்னும் பிறக்காத என் மகனுக்கு,

நீ பிறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷமாவது ஆகும். அதற்குள் நான் பதினொன்றாம் வகுப்புக் கணக்கில் தேற வேண்டும், அப்புறம் ஒரு வேலை, அப்புறம் என்னைச் சகித்துக்கொள்ள ஒரு பெண். மூன்றில் எது கடினம் என்று என் அப்பாவைக் கேட்டால் கணக்கு என்பார். நீ மகளாகப் பிறந்துவிட்டால் மேலே 'மகனுக்கு' என்பதை அடித்துவிட்டு உன் பெயரை எழுதிக்கொள், கோபித்துக்கொள்ள மாட்டேன். இந்தக் கடிதத்தை உன் இருபதாவது வயதில் தருவதாக உத்தேசம். எனக்கு இப்போது பதினாறு. ஆக, இதைப் படிக்கும்போது நீ இதை எழுதியவனைவிட நாலு வயது மூத்தவன். பிள்ளையைவிடச் சின்னவனாக நின்று பேசும் அப்பா உனக்கு மட்டும்தான் வாய்த்திருப்பான். மற்ற அப்பாக்களின் கடிதத்தில் புத்திமதி இருக்கும். இதில் இருப்பது, புத்தியும் இல்லாமல் மதியும் இல்லாமல் ஆறு நாள் நான் செய்த காரியம்.

நீ டெல்லியிலேயே வளர்ந்தால் இந்த எழுத்தைப் பார்த்துவிட்டு யாரிடமாவது நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது, கொஞ்சம் சொல்லுங்கள் என்று கேட்பாய். கேட்காதே. எழுத்துக்கூட்டியாவது நீயே படி. நடுவில் நிற்கிற ஆளை நம்பக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த நடுவில் நின்ற ஆள் நான். எங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் உண்டு, ஆனால் என் வகுப்பில் பாதிப் பேருக்குத் தமிழ் என்பது பரீட்சைக்கு முந்தின நாள் வருகிற காய்ச்சல். எனக்கு அப்படி இல்லை. வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம், மூன்றிலும் நான் புரண்டு விளையாடுவேன். அந்தத் திமிர்தான் வினையாயிற்று.

எங்கள் வீடு மயூர் விஹாரில் மூன்றாவது மாடி. என் அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். அவருக்கு ஒரே ஒரு வெளிநாட்டு நண்பர், பெயர் மாரெக், போலந்துக்காரர். அப்பா கல்லூரியில் படித்தபோது ஏதோ சதுரங்கப் பத்திரிகையின் பின்பக்கத்தில் முகவரி பார்த்து அவருக்கு ஓர் அஞ்சலட்டை போட்டாராம். அட்டையில் ஒரு நகர்த்தல். அங்கிருந்து மறு அட்டையில் இன்னொரு நகர்த்தல். ஒரு குதிரை நகர ஒரு மாதம். இப்போது எல்லாம் மின்னஞ்சல், ஆனாலும் அதே நிதானம்தான், நன்றாக யோசித்து வாரத்துக்கு ஒன்று. நேரில் பார்த்ததே கிடையாது. அந்த மாரெக்கும் அவர் மனைவி ஹன்னாவும் இந்தத் தசரா விடுமுறையில் ஆறு நாள் எங்கள் வீட்டில் வந்து தங்குகிறார்கள் என்று அப்பா சொன்ன அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலை, இந்த வீட்டை எப்படி அவர்கள் கண்ணில் காட்டுவது என்று.

நான் என்ன செய்தேன் தெரியுமா. வீட்டை ஒளித்தேன். குளியலறை வாளியையும் மக்கையும் பால்கனியில் தள்ளினேன். ஃபிரிட்ஜ் மேல் விரித்திருந்த பூப்போட்ட துணியை உருவினேன். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் ஒரு பெரிய பை, அதற்குள் இன்னும் நூறு பைகள், அதைத் தூக்கிப் பரணில் எறிந்தேன். கடைசியில் அம்மாவைப் பார்த்து, அவர்கள் இருக்கும்வரை நைட்டி போடாதே என்றேன். அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். "என்னையும் பரண்ல ஏத்திருல" என்றாள். நான் சிரித்தேன். அதை அவள் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை என்பது எனக்கு நேற்றுத்தான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாரெக் ஒட்டடைக்கம்பு உயரம், பேச்சு குறைவு. ஹன்னாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, அகலமான தோள், எதையும் உற்றுப் பார்க்கும் கண். அம்மா முதல் வேலையாக வயதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அந்தக் கணத்திலிருந்து அவரை அக்கா ஆக்கிவிட்டாள். பேச என்ன வழி என்று மாரெக் தன் போனில் மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து நீட்டினார். அம்மா அதைப் பார்த்து, மெதுவாக, "சாப்பிட வாரியளா" என்றாள். போன் ஒரு கணம் யோசித்துவிட்டு, 'நீங்கள் உணவு வாரியமா' என்று ஹன்னாவிடம் ஆங்கிலத்தில் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா என் முதுகில் தட்டி, இதெல்லாம் எதற்கு, நம் பையன் இருக்கிறானே என்றார். போன் பைக்குள் போயிற்று. பதவி எனக்கு வந்தது.

அப்பாவும் மாரெக்கும் பால்கனியில் பலகையை விரித்து உட்கார்ந்தார்கள். வாரத்துக்கு ஒரு நகர்த்தல் யோசித்துப் பழகிய அப்பா, எதிரே ஆள் உட்கார்ந்ததும் தடுமாறி ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றார், ஆனாலும் அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அங்கே நடந்தது சதுரங்கம். உள்ளே நான் நடத்தியது சதிரங்கம். முதல் நாள் மதியம் ஹன்னா வற்றல் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, மிக ருசி, ஆனால் காரம் கொஞ்சம் குறைவாக இருக்க முடியுமா என்றார். அம்மா ஆவலாக, "அக்கா என்னல சொல்லுதாக?" என்றாள். காரம் பத்தவில்லையாம் என்றேன். இரவு ஹன்னா கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டார், அம்மா அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனாள். மறுநாள் விருந்தாளிகளிடம், எங்கள் வீடுகளில் குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் சமைத்தவருக்காகக் கை தட்டுவது மரியாதை என்றேன். தட்டினார்கள். அம்மா கரண்டியோடு வெளியே வந்து, ஏன் தட்டுகிறார்கள் என்று கேட்டாள். அவர்கள் ஊரில் சத்தம் கேட்டால் தட்டுவார்கள் என்றேன். அன்றிலிருந்து விசில் வந்தால் கைதட்டல், கைதட்டல் வந்தால் அம்மாவிடமிருந்து ஒரு கும்பிடு. இதையெல்லாம் உன்னிடம் சொல்லும்போது எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. வருகிறதே என்பதுதான் சங்கடம்.

ஹன்னா பார்க்கிறவர் என்றேன் அல்லவா. நான் பரணில் எறிந்த பை, அம்மா ஏதோ எடுக்க ஏணி போட்டபோது, தானாக வந்து அவர் காலடியில் விழுந்தது. நூறு பைகளும் சிதறின. எனக்கு முகம் எரிந்தது. ஹன்னா ஒரு பையை எடுத்து மடித்தார், இன்னொன்றை எடுத்து மடித்தார், தன் வீட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னாலும் இதே மாதிரி ஒன்று தொங்குகிறது, அதைப் பார்க்காமல் நாலு நாளாக ஏதோ குறைந்தது போல இருந்தது என்றார். அதை மட்டும் அப்படியே சொன்னேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய ஆணியில் மாட்டினாள். நான் வீட்டை ஒளிக்க ஒளிக்க ஹன்னா அதைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை என்று நினைக்கிறேன், சாப்பிட்டு முடித்து எல்லோரும் எழுந்த பிறகு ஹன்னா என் பக்கத்தில் குனிந்து ஒரு கேள்வி கேட்டார். உன் அம்மா எப்போது சாப்பிடுகிறார்.  மகனே, பதினாறு வருஷம் அவள் கையால் தின்றவன் நான், அவள் எப்போது சாப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. எங்களுக்குப் பிறகு என்று தெரியும். எங்களுக்குப் பிறகு எப்போது, எங்கே, எதை, எப்படி, ஒன்றும் தெரியாது. அம்மா நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அக்கா என்ன கேட்டாக என்று. கேள்வியை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் சாம்பார்ப் பொடிக்கு என்ன போடுவாய் என்று கேட்கிறார் என்றேன். அவள் முகம் மலர்ந்து மல்லி இவ்வளவு, கடலைப்பருப்பு இவ்வளவு என்று கையால் அளந்து காட்டிச் சொன்னாள். நான் ஹன்னாவிடம் திரும்பி, அவர் இந்த வீட்டு ராணி, நினைத்தபோது சாப்பிடுவார் என்றேன். ஹன்னா அம்மாவின் கைகளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

புதன்கிழமை சாயங்காலம்தான் எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. அதனால்தான் அதைச் சொல்ல இவ்வளவு இழுக்கிறேன். ஹன்னா பேச்சுவாக்கில் தன் வேலையைச் சொன்னார். தன் ஊரில் டிராம் ஓட்டுகிறார். அதாவது தெருவில் தண்டவாளத்தில் போகும் ரயில், அதன் டிரைவர், முப்பது வருஷமாக. நான் எந்தக் குறும்பும் செய்யாமல் அப்படியே சொன்னேன், செய்ய வேண்டும் என்றே தோன்றவில்லை. அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தாள். விருந்தாளிகள் வந்து நாலு நாளில் அவள் உட்கார்ந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. குறுக்கே யாராவது வந்தால் என்ன செய்வீர்கள், பயமாக இருக்காதா, நடுவில் பாத்ரூம் போக வேண்டும் என்றால் வண்டியை நிறுத்தலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பாத்ரூம் கேள்விக்கு ஹன்னா தொடையில் தட்டிச் சிரித்தார். முப்பது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி, ஆனால் வேலையில் பாதி அதுதான் என்றார். இரண்டு பேரும் மாறி மாறிப் பேச, நான் நடுவில் பந்து பொறுக்கிப் போடுகிறவன் மாதிரி ஓடினேன். கொஞ்ச நேரம் நான் அங்கே இருப்பதையே அவர்கள் மறந்துவிட்டார்கள்.

அப்போது அம்மா என் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அக்காட்ட கேளுல. நாளைக்கு அவுக வெளிய போகையில என்னையும் கூட்டிட்டுப் போவாகளான்னு. மெட்ரோல அந்த மொதப் பெட்டி இருக்குல்லா, பொம்பளைய பெட்டி, அதுல. நீயும் வரண்டாம், அப்பாவும் வரண்டாம், உங்களத்தான் அதுல ஏத்த மாட்டாங்களே. நாங்க ரெண்டு பேரும் சும்மா ஜன்னலோரம் உக்காந்து பாத்துக்கிட்டே போயிட்டு வாரோம். பேச்சு எதுக்கு?"

இது உனக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் வீட்டிலிருந்து மெட்ரோ ஸ்டேஷன் நடக்கிற தூரம். அம்மா டெல்லிக்கு வந்து பத்தொன்பது வருஷம். மெட்ரோவில் எத்தனையோ தடவை போயிருக்கிறாள், ஆனால் எப்போதும் எங்களோடு, பொதுப் பெட்டியில், அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. முன்னால் இருக்கும் பெண்கள் பெட்டியில் ஏற வேண்டும் என்றால் எங்களை விட்டுப் பிரிந்து ஏற வேண்டும், அதனால் ஏறியதே இல்லை. பிளாட்பாரத்தில் அந்தப் பெட்டி எங்களைத் தாண்டிப் போகும்போது அவள் கழுத்து அதன் கூடவே திரும்பும். அதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்து என்ன, நான் அதையும் ஒரு நாள் நடித்துக் காட்டி அப்பாவைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

மறுநாள் வியாழக்கிழமை மதியம் என் நண்பர்கள் நாலு பேரைச் சாப்பிட அழைத்திருந்தேன், வெளிநாட்டுக்காரர்களைக் காட்டுவதாகவும் அம்மாவின் இடியாப்பத்தை ஊட்டுவதாகவும் பெருமை அடித்து. அம்மா வெளியே போனால் இடியாப்பம் போச்சு. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஏதாவது காரணம் இருக்கிறதா என்று மூன்று நாளாகத் தேடுகிறேன், இல்லை. நான் ஹன்னாவிடம் திரும்பி, அம்மாவுக்கு இரண்டு நாளாகத் தலைவலி, நாளைக் காலை படுத்திருக்கப் பார்க்கிறார், நீங்கள் தனியாகப் போய் வருவீர்களா என்று கேட்கிறார் என்றேன். வாய் தானாகச் சொன்னது. நாலு நாள் பழக்கம். இல்லாத தலைவலியை அவள் தலையில் கட்டினேன்.

ஹன்னா உடனே எழுந்து வந்து அம்மாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். கட்டாயம் ஓய்வு எடுக்கட்டும், நான் வந்ததிலிருந்து அவர் நின்றுகொண்டேதான் இருக்கிறார் என்றார். அம்மா அந்தக் கைகளைப் பார்த்தாள். பதிலை என்னிடம் கேட்கவே தேவையில்லை என்பது போல அவள் முகம் இருந்தது. இருந்தாலும் நான் சொன்னேன், சரி என்கிறார், எட்டரைக்குக் கிளம்பலாமாம். காலையில் எப்படிச் சமாளிப்பது என்பதைக் காலையில் எழுந்திருக்கிறவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை நான் எழுந்தபோது மணி எட்டு. அடுக்களையில் எல்லாம் முடிந்திருந்தது. இடியாப்பம் நூல் நூலாக அவித்துத் துணி போட்டு மூடி, தேங்காய்ப்பால் எடுத்து, குருமா ஆறிக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஐந்து தட்டு. மகனே, அவள் எனக்காகவும் சமைத்து முடித்துவிட்டுத்தான் கிளம்ப இருந்தாள். நான் பொய் சொல்லியே இருக்க வேண்டாம். அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்தபடி நிற்கும்போது ஹன்னா அறையிலிருந்து வந்தார், காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு, நோயாளியை எழுப்பக் கூடாது என்று பூனை மாதிரி நடந்து. மேஜையில் தண்ணீர் டம்ளருக்கு அடியில் ஒரு மாத்திரை அட்டையை வைத்தார். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய்விட்டார். அம்மா அப்போது உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு புடவை கட்டிக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷம் நான் இரண்டு கதவுக்கும் நடுவில்தான் நின்றேன். ஓடிப் போய்ப் படிக்கட்டில் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை.

அம்மா வந்தாள். கடுகு நிறத்தில் அரக்குக் கரை போட்ட சுங்குடிப் புடவை, விறைப்பாக மடிப்பு வைத்து. கையில் சின்னப் பர்ஸ், அதற்குள் மெட்ரோ கார்டு. "எங்கல அக்கா?"

போய்விட்டார் என்றேன். நான் வருகிறேன் என்று சொன்னாயா என்றாள். சொன்னேன் என்றேன். அப்புறம் என்ன சொன்னார்கள் என்றாள். இங்கேதான் நான் செய்ததிலேயே கேவலமானது. "தனியாப் போனாத்தான் ஊரைப் பாக்க முடியும்னு சொன்னாங்கம்மா." என் பொய்யைக் கொண்டு போய் ஹன்னாவின் வாயில் வைத்தேன்.

"அதுவும் சரிதான்" என்றாள் அம்மா. "நான் கூடப் போனா அவுகளுக்குத் தொல்லைதான." பால்கனியிலிருந்து அப்பா பலகையை விட்டுத் தலையைத் தூக்காமலே, என்ன, வெளியே கிளம்பியாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றாள். மேஜையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். அவர்கள் மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்றேன். அதைப் பத்திரமாக எடுத்து வைத்தாள். உள்ளே போனாள். ஐந்து நிமிஷத்தில் நைட்டியில் வந்தாள். நான் ஐந்து நாளாகப் போடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்த நைட்டி. மதியம் என் நண்பர்கள் வந்தார்கள், ஔர் தோ ஆன்ட்டி, இன்னும் இன்னும் என்று கேட்டுக் கேட்டுத் தின்றார்கள். அவள் போட்டுக்கொண்டே இருந்தாள். 

அதற்குப் பிறகு அம்மா ஹன்னாவிடம் மரியாதையாக இருந்தாள். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அக்கா என்று கூப்பிடுவது நின்றுவிட்டது, குக்கர் விசிலுக்குக் கும்பிடும் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை அந்த மாத்திரை அட்டையை இரண்டு கையாலும் ஹன்னாவிடம் திருப்பிக் கொடுத்தாள், உங்கள் பொருள், பத்திரமாக வைத்திருந்தேன் என்பது போல. ஒரு மாத்திரைகூடப் பிரிக்காத அட்டையைப் பார்த்து ஹன்னா குழம்பினார். அன்று மாலை என்னிடம், நான் ஏதாவது தவறாக நடந்துகொண்டேனா என்று கேட்டார். இல்லை, இன்னும் தலைவலி போலிருக்கிறது என்றேன். அன்று அவர் நெடுநேரம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து போனைப் பார்த்துப் பார்த்து ஒரு தாளில் ஏதோ கோடு இழுத்துக்கொண்டிருந்தார். படம் வரைகிறார் என்று நினைத்தேன். சனிக்கிழமை விடியற்காலை கிளம்பினார்கள். அம்மா வெற்றிலை பாக்கு, குங்குமம், ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தாள். ஹன்னா அவளைக் கட்டிக்கொண்டார். அம்மாவின் கைகள் தொங்கிக்கொண்டே இருந்தன, கடைசியில்தான் ஒரு கை எழுந்து அவர் முதுகைத் தொட்டது.

மதியம் சோறு வைக்கக் குக்கரைத் திறந்தபோது அதற்குள் நாலாக மடித்த தாள் இருந்தது. இந்த வீட்டில் அம்மா மட்டுமே திறக்கும் பாத்திரம் எது என்று ஆறே நாளில் கண்டுபிடித்திருக்கிறார் பார். தாளில் தமிழ். போன் காட்டிய எழுத்துகளைப் பார்த்து ஒவ்வொன்றாக வரைந்த தமிழ், சுழிகள் எல்லாம் தடுக்கி விழுந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல. நான் அதை இங்கே அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துகூட மாற்றவில்லை, இந்த ஒரு தடவை என்னை நம்பு.

'அன்புள்ள தங்கை. வியாழன் அன்று உங்கள் தலைவலி காரணமாக நான் தனியாகச் சென்றேன். பெண்கள் பெட்டியில் அமர்ந்தேன். அருகில் இருக்கை காலி. அதில் உங்களை நினைத்தேன். நீங்கள் எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று உங்கள் மகனிடம் கேட்டேன். நீங்கள் ராணி என்று அவன் கூறினான். நீங்கள் அடுப்பு அருகில் நின்றுகொண்டு சாப்பிடுவதை நான் பார்த்தேன். நானும் கடைசி நிறுத்தத்தில் நின்றுகொண்டு சாப்பிடுகிறேன், ஏனெனில் நாள் முழுவதும் அமர்ந்திருக்கிறேன். நீங்கள் ஏன் நிற்கிறீர்கள். ஹன்னா அக்கா.'

அம்மா இரண்டு தடவை படித்தாள். தாளை மடித்தாள். அடுப்பை அணைத்தாள். "எனக்கு எப்பல தலைவலி வந்துச்சு?" என்று கேட்டாள்.

சத்தம் போட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன், அதில் நான் கெட்டிக்காரன். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் சொன்னேன். இடியாப்பத்தைச் சொன்னேன், படிக்கட்டைச் சொன்னேன், ஹன்னா வாயில் வைத்த வார்த்தையைச் சொன்னேன். மன்னிப்பு என்று ஒரு சொல் வாய்க்குள் வந்தது, அது ரொம்பச் சின்னதாக இருந்ததால் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அவள் அடிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அவுக என்னவெல்லாம் கேட்டாக? மொதல்ல இருந்து சொல்லு. ஒண்ணு விடாம" என்றாள்.

பால்காரர் வரும்வரை சொன்னேன். ஹன்னா கேட்டது, நான் மாற்றியது, அம்மா சொன்னது, நான் அதை மாற்றியது. காரம் வேண்டாம் என்றுதான் சொன்னார் என்றதும், ஐயோ பாவி, கண்ணெல்லாம் கலங்கிச்சே என்று தலையில் கை வைத்தாள். குக்கர் கைதட்டலைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, எனக்கும்தான், இரண்டு பேரும் சிரித்தோம். நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. எப்போது சாப்பிடுகிறாய் என்று கேட்டதற்கு நான் சாம்பார்ப் பொடி என்று சொன்னதைச் சொன்னேன். அவள் சிரிப்பு அப்படியே நின்றது. "இதுக்கு ஏன் மாத்துன?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லைம்மா என்றேன்.  எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். நேற்று மாலையே ஹன்னாவுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. பயணத்தில் இருப்பார். இல்லை, வேறு காரணமாகவும் இருக்கலாம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு அம்மா அதே கடுகு நிறப் புடவையில் வந்து நின்றாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, எங்கே, யார் கூட என்றார். யார் கூடவும் இல்லை, மெட்ரோவில் போய்விட்டு வருகிறேன் என்றாள். அப்பாவுக்கு நடந்த எதுவும் தெரியாது, அம்மா சொல்லவில்லை. நான் ஸ்டேஷன்வரை வரட்டுமா என்று கேட்டேன். "நீ வரண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பால்கனியில் நின்று பார்த்தேன். வாசல் காவலாளி ஏதோ கேட்டார், பையா, பஸ் கூம்னே, சும்மா சுற்றத்தான் என்று அவள் இந்தியில் சொன்னது மூன்றாவது மாடிவரை கேட்டது. எங்கள் தெரு முனையில் திரும்பும்போது அவள் எப்படி நடப்பாள் என்பதைக்கூட நான் இதுவரை மேலிருந்து பார்த்ததில்லை. கொஞ்சம் வேகமாக நடக்கிறாள்.

மதியச் சாப்பாட்டை நான் செய்தேன். சோறு குழைந்துவிட்டது. அப்பா சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை. இரண்டரைக்கு வந்தாள். முகம் காற்றுப் பட்டுக் காய்ந்திருந்தது, முன்தலை முடி கலைந்திருந்தது. மேஜையில் இரண்டு தட்டு வைத்து உட்காரச் சொன்னேன். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். நான் போட்டேன். உப்பு இல்லை என்றாள். எங்கேம்மா போனாய், என்ன பார்த்தாய், யமுனை தெரிந்ததா, பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்டேன். அவள் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னாள். "உன்ட்ட சொன்னா அது எங்க போயி என்னவா ஆகும்னு தெரியாதுல. அக்காவுக்கு நானே எழுதிக்கிடுதேன்."

சொன்னபடியே எழுதுகிறாள். மேஜையின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். ஹன்னாவின் போன் வேண்டுமானால் தடுமாறித் தடுமாறிப் புரிந்துகொள்ளட்டும், நான் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். தண்ணீர் குடிக்க எழுந்து அவள் பக்கமாகப் போனேன், தாளின் மேல் கையை வைத்து மூடினாள். அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் நானும் ஒரு தாள் எடுத்தேன். எனக்கு எழுத வேறு ஆள் இல்லை, உன்னைத் தவிர. நீ வளர்ந்த பிறகு யாராவது, என் அம்மாதான் என்றில்லை, யாராவது உன்னைப் பார்த்து 'அவங்கட்ட இதைக் கேளேன்' என்று சொன்னால் கேள், கேட்டதை மட்டும் கேள். அவளைப் பார்க்கும்போது சாப்பிட்டாயா என்றும் கேள், அவள் ஆச்சு என்று சொன்னால் நம்பாதே, எழுந்து போய்ப் பார். என்னால் சொல்ல முடிந்த புத்திமதி இவ்வளவுதான், பதினாறு வயதுக்கு இதுவே அதிகம்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் நிமிர்ந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வீட்டுப்பாடம் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"யாருக்குல எழுதுத?"

என் மகனுக்கு என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவள் வழக்கமான என் கோமாளித்தனம் என்று நினைத்துக்கொண்டாள். தன் தாளுக்குத் திரும்பினாள், பேனாவின் மூடியை உதட்டில் வைத்து அடுத்த வரியை யோசித்தாள், அப்புறம் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அவன்ட்டயாவது உள்ளதச் சொல்லு."

சொல்லிவிட்டேன்.

உன்னைவிட நாலு வயது சின்னவனான
உன் அப்பா